ஏழாம் சொட்டு

மே மாதம். அயனாவரம். இரண்டாம் மாடி.
இரவுப் பணி முடிந்து வந்தவள்
செருப்பைக்கூடக் கழற்றாமல்
தொட்டி முன் உட்கார்ந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது:
மான்கொம்புப் பவளத்தில்
மூன்று நுனி வெள்ளை.

வெளிறிய வெள்ளை இல்லை.
வெளிறினால் தோல் இருக்கும், கண்ணாடிபோல்,
உள்ளே உயிர் பட்டினி கிடக்கும்.
இது உரிந்த வெள்ளை.
விளிம்பில் ஒரு இழை
கொதிநீர் பட்ட விரல்தோலாய்த் தொங்கி
அலைமோட்டார் தள்ளும்போதெல்லாம் ஆடியது.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
சந்தேகங்களை எழுதி எழுதி அடித்தேன்.
பூச்சியா? குழாயால் ஊதினேன், ஒன்றும் பறக்கவில்லை.
கடித்த தடம் இல்லை.
பழுப்புக் கூழ் இல்லை, அழுகல் வாடை இல்லை.
சூடா? ஞாயிறு மதியம் கரண்ட் போய்
இருபத்தொன்பது வரை ஏறியது உண்மை.
ஆனால் பக்கத்துத் தட்டுப் பவளம்
ஊதா குறையாமல் நிற்கிறதே.

காரம் பார்த்தேன்.
ஏழாம் சொட்டில் நீலம் மஞ்சளானது.
ஏழு. குறைவு.
போன வாரமும் ஏழு, அதற்கு முந்தின வாரமும்.
அதனால்தானே தினமும்
வாணலியில் வறுத்த ஆப்பசோடாவைக் கரைத்து
ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.
அன்று இன்னும் அரைக் கரண்டி கூட்டினேன்.

தூங்கி எழுந்தபோது ஆறு நுனி.

கொளத்தூர் கலீமுக்குப் போன் போட்டேன்.
“அடியிலேர்ந்தா, நுனியிலேர்ந்தா?”
“நுனி.”
“காரம் ஏறியிருக்கும் டெய்சிக்கா.”
“ஏழுதான் காட்டுது.”
கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
பின்னால் ஐம்பது ஏர்பம்புகளின் முனகல்.
“சொட்டு மருந்து எப்ப வாங்குனது?”

ஃபிரிட்ஜ் மேல், ஜன்னல் வெயிலில்,
மூடி பாதித் திருகில் நின்ற பாட்டில்.
நீர் ஆவியாகப் போய்
மிஞ்சிய அமிலம் தடித்திருக்கிறது.
ஒரு சொட்டு, கிட்டத்தட்ட
இரண்டு சொட்டின் வேலை பார்த்திருக்கிறது.
புதுப் பாட்டிலில்
பன்னிரண்டு வரை நீலம் நீலமாகவே நின்றது.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்.
பைகார்பனேட் கேன் ஒவ்வொன்றிலும்
தேதி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள்.
சொன்னால் சிரிப்பார்கள், சொல்லவில்லை.
நுனி பேசிக்கொண்டே இருந்தது,
நான் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சோடாவை நிறுத்தினேன்.
அவசரமாய் இறக்கவும் கூடாது,
ஏற்றத்தில் வெந்தது இறக்கத்திலும் வேகும்.
இரண்டு நாளுக்கு ஒரு வாளி நீர் மட்டும் மாற்றினேன்.

பிறகு இடுக்கி.
வெள்ளைக் கோட்டை ஒட்டி வெட்டினால்
கோடு கூடவே வரும்.
ஒரு விரற்கடை கீழே, நல்ல சதையில், வெட்டினேன்.
கல்கண்டு கடிபடும் சத்தம்.
தொட்டி நீரில் அயோடின் விட்டு
பால் ஊற்றாத தேநீர் நிறத்தில்
பத்து நிமிடம் முக்கி எடுத்தேன்.
பீங்கான் வில்லையில் பசை, மேலே துண்டு,
முப்பது எண்ணும்வரை விரல் அசையக் கூடாது.
பாதியில் காலிங் பெல் அடித்தது,
தண்ணீர் கேன்காரர். நிற்கட்டும்.

இது கடலில் பிடுங்கியது இல்லை.
கலீமின் தொட்டியில் வெட்டிய கிளை,
அவனுக்கு இன்னொருவர் வெட்டித் தந்தது.
வெட்டுப்பட்டே வந்த வம்சம்.
ஆனாலும் இடுக்கியைக் கழுவும்போது
கை லேசாக நடுங்கியது.

இன்று பதினேழாம் நாள்.
ஐந்து துண்டில் மூன்று
முழு எலும்பாகி
சமையலறை மேடையில் காய்கின்றன.
ஒன்றில், பசையின் மேல்
நகக்கண் அகலத்துக்குத் தோல் ஊர்ந்திருக்கிறது.
ஒன்பதாம் சொட்டில் மஞ்சள்.
நோட்டில் எழுதுமுன்
ஒருதரம் நுனிகளைப் பார்த்துவிட்டு எழுதினேன்.

மீதி ஒன்று
இன்னும் எந்தப் பக்கமும் சொல்லவில்லை.
விளக்கை அணைத்த பிறகு
அதன் எதிரே
நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன்.